டெஸ்மண்டின் லைட்னிங்

எங்கள் மாடல் விமானக் கிளப்பின் கோப்பை ஆறு வருடமாக டெஸ்மண்ட் பாஸ்க் வீட்டில்தான் குடியிருந்தது. ஆள் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஒரு எறும்புக்கு மூக்குக் கண்ணாடி செய்யச் சொன்னாலும் இரண்டு ஜோடி செய்து கொடுப்பார். நான் நாற்பது வருடம் லிங்கன்ஷயரில் பஸ் ஓட்டியவன். என் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு சாஸேஜ்.

ஏப்ரல் கூட்டத்துக்கு அவர் ஒரு லைட்னிங் கொண்டு வந்தார். போர்க்காலத்து அமெரிக்க விமானம், இரட்டை இன்ஜின், இரட்டை வால். நாங்கள் எல்லோரும் அமெரிக்க நிறத்தில்தான் கட்டுவோம். இவர் நம் பிரிட்டிஷ் விமானப்படை வண்ணம் அடித்திருந்தார்: முதுகில் பழுப்பும் பச்சையும், வயிறு வெளிர்நீலம். பார்த்ததும் எனக்கு நெஞ்செரிச்சல். தேநீர் குடித்தும் போகவில்லை.

அப்போதுதான் புரொப்பெல்லர்களைக் கவனித்தேன். லைட்னிங்கில் இரண்டும் எதிரெதிராகச் சுழல வேண்டும். அதற்கேற்ப புரொப்பெல்லர் தகடுகளின் திருகலும் மாறும். டெஸ்மண்ட் இரண்டு பக்கமும் ஒரே திருகலில் மாட்டியிருந்தார்.

தப்பு கண்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். போட்டி நாள் வரை மனதில் வைத்திருப்பது ஈனத்தனம். நான் வைத்திருந்தேன். ஐந்து மாதம், ஒரு பூனைக்குட்டியை மடியில் வைத்திருப்பதுபோல.

அதோடு விடவில்லை. அதே விமானத்தின் மாடல் பெட்டியை வாங்கிக் கட்டினேன், அதே வண்ணம் அடித்தேன். பழுப்பு சரியாக வர முப்பது தடவை கலக்கினேன். எங்கள் நாய்கூடக் கொஞ்ச நாள் அந்த நிறத்தில்தான் திரிந்தது.

"அவருடையதையே பார்த்துக் காப்பி அடிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள் என் மனைவி ஐலீன்.

"காப்பி இல்லடி. இது திருத்திய பதிப்பு."

செப்டம்பரில் சர்ச் ஹாலில் போட்டி. என் லைட்னிங்கை அவருடையதற்கு ஒட்டினாற்போல வைத்தேன். வித்தியாசம் தெரியட்டுமே.

நடுவர் ஹிலரி த்வெயிட் வந்தார். மாடலைத் தொடக் கூடாது என்பதால் கையில் குட்டி டார்ச்சும் குச்சி வைத்த கண்ணாடியும். டெஸ்மண்டின் விமானத்தின்மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் பொறுக்க மாட்டாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், அந்த புரொப்பெல்லர் ரெண்டும் ஒரே பக்கமா சுத்துதே, பாத்தீங்களா?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், மெர்வின். எத்தனை அழகாக் கண்டுபிடிச்சு வச்சிருக்கார். நம்ம ஆளுங்க முதல்ல ஆர்டர் குடுத்தப்ப ரெண்டு இன்ஜினும் ஒரே பக்கமா சுத்தணும்னு கேட்டாங்க. வந்ததே ரெண்டோ மூணோதான். இந்த வண்ணத்துல இருந்தா இப்படித்தான் இருக்கணும்." டார்ச் வெளிச்சம் மெதுவாக என் மாடலுக்கு நகர்ந்தது. "இது யாரோடது? பாவம், வண்ணம் எல்லாம் சரியா அடிச்சிட்டு இங்க கோட்டை விட்டுட்டாரே."

யாரோடது என்று தெரியாது என்றேன். மேசைமேல் அட்டையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

கோப்பை ஏழாவது வருடமாக அதே வீட்டுக்குப் போயிற்று. எனக்கு எதுவும் இல்லை. கொக்குக்கு மூன்று இறக்கை வைத்தாற்போல ஒன்றைக் கட்டியிருந்த நார்மனுக்குக்கூட ஆறுதல் பரிசு.

டெஸ்மண்ட் என் மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பழுப்பு என்னோடதை விட நல்லா வந்திருக்கு, மெர்வின். எப்படிக் கலக்குன?"

இதைவிட அறைந்திருக்கலாம்.

"ஒரு பெட்டில வலது புரொப்பெல்லர் ஒண்ணு, இடது ஒண்ணுதான் வரும். நான் ரெண்டு பெட்டி வாங்கி ரெண்டு வலது எடுத்துக்கிட்டேன். உனக்கு ஒண்ணு குடுக்கலாம்னா, எங்கிட்ட மிச்சம் இருக்கறது ரெண்டுமே இடது." பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "ஏப்ரல்லயே பாத்திருப்பியே. அது ஏன் அப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

"அன்னைக்கு நான் கண்ணாடி போட்டுட்டு வரல."

"போட்டிருந்தே. என் சாஸேஜ் ரோல்ல இருந்த முடியை நீதானே எடுத்துக் காட்டின."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல் டாக்டர் பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.