பச்சைக் கட்டங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வாக்கியம் எப்படிப் புரிகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தோம், நானும் அண்ணனும். மேலாளருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களை வாசித்து, எந்தப் பொருளில் என்ன கோளாறு என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. வாக்கியத்தின் வார்த்தைகளை அது கீழே வரிசையாகக் கட்டங்களில் வைக்கும். பக்கத்துப் பக்கத்து வார்த்தைகள் ஒன்றோடொன்று சேருமானால் மேலே இருக்கும் கட்டம் பச்சையாகும். இப்படியே படியேறி உச்சிக் கட்டமும் பச்சையானால் வாக்கியம் புரிந்தது என்று அர்த்தம். எது எதோடு சேரும் என்ற விதிகளை எழுதுவது எங்கள் வேலை. ‘நான் நேற்று வாங்கிய ஃபேன் இன்று சுற்றவில்லை’ என்பதில் ‘ஃபேன் இன்று’ இரண்டும் ஒட்டாது. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். காலியாக விடத் தெரிவதில்தான் இந்தத் தொழிலின் மூளையே இருக்கிறது.

இதை மேலாளருக்கு யார் சொல்வது? அவர் இந்தக் கட்டங்களைச் சுவரளவு திரையில் போடச் சொல்லி, டீ கப்போடு எதிரே நின்று ரசிப்பார். அதனால் அவருக்கு எங்களிடையே பச்சை சார் என்று பெயர்.

“ஏன் இவ்ளோ ஓட்டை?” என்று ஒருநாள் கேட்டார்.

“அது ஓட்டை இல்ல சார். அங்க சேரக் கூடாது, அதான் சேரல” என்றார் அண்ணன்.

“முயற்சி பண்ணினா சேரும்.”

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் விதிகளைத் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பார்கள். யாருடையது அதிகக் கட்டங்களைப் பச்சையாக்குகிறதோ அவருக்கு வேலை, மற்றவர் மாதக் கடைசியில் கிளம்பலாம்.

நான்கு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை நீட்டிப்புக் கடிதத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். வேலை போனால் நாத்தனார் வீட்டு மாடிக்குக் குடி போக வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. “அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா” என்றார் என் கணவர். அவர் அக்கா சொல்லாத நாளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் எனக்கு உறவு இல்லை. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உண்டான உறவு. விதி எழுதக் கற்றுக்கொண்டபோது நான் செய்த அபத்தங்களை ஒருவரிடமும் சொல்லாமல் திருத்தித் தந்தவர். “நீ எப்படியும் ஜெயிச்சுடுவே தங்கச்சி” என்றார். தானும் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர் மாதிரி, தப்பாகப் பச்சையாகியிருந்த கட்டங்களைத் தேடித் தேடிக் காலி செய்துகொண்டிருந்தார். அந்த மனிதரின் நேர்மை எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதிய இடைவேளையில், அவர் கை கழுவப் போன நேரத்தில், ஒரே ஒரு விதி எழுதினேன். எதுவும் எதோடும் சேரும்.

திரை முழுக்கப் பச்சை. ஓட்டை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. பச்சை சார் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். எங்கள் வாடிக்கையாளரான அந்தச் சாமான் கம்பெனிக்கு அவரே செய்து காட்டினார். பத்து வார்த்தை வாக்கியம் ஒன்றுக்கு நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் அர்த்தம் வந்தது. “மத்த கம்பெனியெல்லாம் ஒரு அர்த்தம்தான் குடுப்பான்” என்றார். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், வாங்கியும் போனார்கள். அண்ணன் தன் டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். என்னிடம் “நல்லா இரு” என்றார். விதியைப் பார்த்தாரா இல்லையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்தார்கள், காட்டமாக. ஒரு கடிதம் வாசிக்க அரை நாள் ஆகிறதாம். ஃபேன் சுற்றவில்லை என்று எழுதியவர் வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைக் கழற்றியிருக்கிறார்கள். கூடவே தங்கள் நிபுணர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்கள். விருந்தினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் அண்ணன்.

கூட்ட அறைத் திரையில் விதிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். என் விதி வந்ததும் அவர் கை நின்றது. பெயர் தெரியும் முன்பே அந்த ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளினார்.

“இதான் சார் கோளாறு. யார் எழுதினதுன்னு தெரியல. பழசு போலிருக்கு” என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரைத் துரத்திவிட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தயவிலும் தப்பிக்க வேண்டுமா? வேலை போனால் போகட்டும், நாத்தனார் மாடி என்றால் மாடிதான் என்று எழுந்து நின்றேன்.

“பழசு இல்ல சார். நான்தான் எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன்.”

பச்சை சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா? இந்த ஒரு விதிக்காகத்தான் இவங்களை பர்மனென்ட் பண்ணினோம்!”

எங்கள் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் தலையைக் குனிந்து விதியை அழித்துக்கொண்டிருந்தார்.