நூற்றி நாற்பத்தேழு கிரெயின்

என் அண்ணனுக்குத் துப்பாக்கி சுடும் கிளப்பில் வாத்தியார் என்று பெயர். மரியாதையில் வைத்த பெயர் இல்லை. யாராவது துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குண்டின் எடையைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். நூற்றிப் பதினைந்து கிரெயின் குண்டு சீறிக்கொண்டு போகும், ஆனால் கையை உதறும். நூற்றி நாற்பத்தேழு மெதுவாகப் போகும், கைக்கு இதமாக இருக்கும். எதை எடுத்தாலும் குழலின் நீளத்தைப் பார்த்து எடு, குட்டைக் குழலில் அதே தோட்டாவின் வேகம் குறையும். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. வாய்தான் அவ்வளவும். இலக்கில் ஒன்றும் விழாது.

விழுந்ததெல்லாம் அண்ணிக்கு. பேக்கரியில் மாவு பிசைகிறவள். புருஷனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், சும்மா நிற்கிறாயே என்று யாரோ ஒரு பழைய துப்பாக்கியைக் கையில் கொடுக்க, சுட ஆரம்பித்தாள். இந்த வருஷம் கிளப் அணியில் மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குப் போட்டி புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும்தான். அந்த இடத்துக்காக அண்ணன் எத்தனையோ வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு முன்னால் திடீரென்று அவனுக்குப் பாசம் பொங்கியது. "உன் மணிக்கட்டு வலிக்கு நூத்தி நாப்பத்தேழுதான் சரி. கடையில வாங்காத, நானே போட்டுத் தரேன்" என்றானாம். கார் நிறுத்துகிற அறையில் உட்கார்ந்து, கூடு, வெடிமருந்து, குண்டு என்று ஒவ்வொன்றாக அழுத்தித் தோட்டா செய்துகொடுத்தான். அண்ணி என்னிடம் போனில் சொன்னபோது, பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டானே என்றுகூட நினைத்தேன்.

போட்டி நாளில் எனக்குத் தகரக் கொட்டகையில் வேலை. ஆட்டக்காரர்களின் தோட்டாவைச் சோதிப்பது. ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடை போடுவேன். மற்றதை அவரவர் துப்பாக்கியிலேயே வேகமானிக்கு மேலே சுடுவேன். எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருகிற எண் நூற்றி இருபத்தைந்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அன்று சுட்டதெல்லாம் பூஜ்யம். சொத்தைத் தோட்டா போட்டுக்கொண்டு கை அதிராமல் சுட்டு யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்த விதி.

அன்று அண்ணி சுட்டதைப் பார்த்திருக்க வேண்டும். இரும்புத் தகடுகள் வரிசையாகச் சாய்ந்தன. அட்டை இலக்குகளில் நடு வட்டம் பிய்ந்து தொங்கியது. மதியத்துக்குள் அவள் பெயர்தான் பலகையில் முதலில் இருந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது என் அண்ணன். அடுத்தவர் ஜெயித்து அவன் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

பிறகு அண்ணி என் மேஜைக்கு வந்தாள். பின்னாலேயே அண்ணனும் வந்தான். தலைமை நடுவர் பக்கத்தில் நிற்க, குண்டை எடை போட்டேன். சரியாக இருந்தது. சுட்டேன். நூற்றி இருபத்தொன்று. மறுபடி சுட்டேன். நூற்றி இருபது. கடைசியாக ஒரு தோட்டா மிஞ்சியது. அதைச் சுடுவதா, பிரித்து எடை போடுவதா என்று ஆட்டக்காரரே சொல்ல வேண்டும்.

"அவசரப்படாதம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றான் அண்ணன். குரலில் தேன் வழிந்தது.

"சுடு" என்றாள் அண்ணி என்னிடம்.

சுட்டேன். தேறவில்லை. நடுவர் அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்.

"நீங்க போட்டுக் கொடுத்த தோட்டாவை எந்தத் துப்பாக்கியில சுட்டுச் சோதிச்சீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"என்னோடதுலதான் சார். அதுல நல்லாவே பாஸ் ஆச்சே! இவளோடது குட்டைக் குழலாச்சேன்னு தோணவே இல்ல பாருங்க." நெற்றியில் அடித்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஊருக்கெல்லாம் குழல் நீளத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவனுக்குப் பெண்டாட்டியின் குழல் மட்டும் மறந்துபோனதாம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கையைக் கண்ணெதிரே பார்த்தேன். அது அண்ணியின் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவனுடைய தோட்டா தேறியது. நாலாவது இடம் அவனுக்குப் போனது.

கூட்டம் கலைந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "வேணும்னேதானே பண்ணின?"

"கூடப் பிறந்தவளா நீ? அண்ணன் ஜெயிச்சா சந்தோஷப்படத் தெரியாதா?" என்று சிரித்தான். "போய் உன் அண்ணிக்கு ஆறுதல் சொல்லு."

அண்ணி பெண்கள் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணி, அவன் உங்கள நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான். மறந்துட்டான்னு சொல்றதெல்லாம் பொய். உங்க துப்பாக்கியில தேறாதுன்னு தெரிஞ்சேதான் போட்டுக் கொடுத்திருக்கான்."

"தெரியும்" என்றாள்.

குழாயை மூடினாள். "போன வாரம் சுட்டுப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தகடு விழலாமா வேண்டாமான்னு யோசிச்சு விழுந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அதையே போட்டீங்க? வேற தோட்டா இல்லையா?"

"பையில கடைத் தோட்டா ஒரு டப்பா இருக்கு. பிரிக்கவே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே அறைந்திருப்பேன். "உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? இன்னிக்கு நீங்கதானே முதல்ல இருந்தீங்க!"

கைக்குட்டையால் முகத்தை மெதுவாக ஒற்றினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அழுதிருக்கவில்லை.

"அவர் தோத்துட்டு வர்ற அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல நீ இருந்ததில்ல" என்றாள். "அடுத்தவன்கிட்ட தோத்ததுக்கே அந்தப் பாடு. என்கிட்ட தோத்திருந்தா?"

ஒரே வீட்டில் அவனோடு வளர்ந்தவள் நான். அவள் எதைச் சொல்கிறாள் என்று புரியாத மாதிரி நடிக்கக்கூட என்னால் முடியவில்லை.

"ஜெயிச்சுட்டாரு இல்ல, கொஞ்ச நாளைக்கு நல்லா இருப்பாரு" என்று முடியைச் சரிசெய்துகொண்டாள்.

வெளியே கார் ஹாரன் ஒருமுறை அடித்தது. இரண்டாவது முறை அடிப்பதற்குள் போய்விட வேண்டுமென்று அண்ணி ஓடினாள்.