தாலிக்கு முன் பந்தி

திரையில் விரிந்த ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே மணமகள் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த பக்கத்தில் பந்தி. தாலி ஏறியது பதினோராம் பக்கத்தில்தான்.

"என்னா புள்ள, கலியாணத்தத் தலகீழா நடத்தி வெச்சிருக்கே!" என்றார், கண்டியில் இருபது வருஷமாக ஸ்டூடியோ நடத்தும் பளீல். "மூணு மணிக்குப் பொண்ணோட அப்பா வாராரு. ஆல்பம் சரியா வந்தா இந்த சீசன் முழுக்க ஒன்ட புரோகிராம். இல்லாட்டி பழையபடி கையால அடுக்கிறதுதான்."

"போன வாரக் கலியாணம் என் லெப்டொப்ல நேராத்தாங்க வந்துச்சு, நானா," என்றாள் யசோதினி. அண்ணன் முறையில் பளீல் அவளுக்கு 'நானா'.

"அப்ப லெப்டொப்பையே ஆல்பத்துல ஒட்டிக் குடுப்பமா?"

கலஹாவிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் அவள் எழுதியதுதான், படங்களைத் தானாகவே ஆல்பத்தில் அடுக்கும் அந்தப் புரோகிராம். கோபம் வரவேண்டிய இடம். வந்ததோ ஆவல். பத்துப் படங்களை மூன்று இடங்களில் போட்டு, புரோகிராமைக் கொண்டே அவற்றின் பட்டியலைக் கேட்டாள். அவளுடைய விண்டோஸ் லெப்டொப் பெயர் வரிசையில் கொடுத்தது. பென்டிரைவ், முதலில் நுழைந்ததை முதலில் கொடுத்தது. கடையின் புதிய லினக்ஸ் கொம்பியூட்டரோ தனக்கு மட்டுமே புரிந்த ஒரு கணக்கில் அள்ளிக் கொட்டியது. ஆனால் போல்டரைத் திறந்து கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒரே ஒழுங்கு! கண்ணாடிப் பெட்டியில் எல்லாக் கடைக்காரனும் அழகாகத்தான் அடுக்குவான். உள்ளே களஞ்சியத்தில் அவனவன் இஷ்டம். புரோகிராம் நேரே களஞ்சியத்துக்குப் போயிருக்கிறது. வரிசையாகத் தருகிறேன் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததாக இவள்தான் நினைத்துக்கொண்டாள்.

பெயர்ப்படி அடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். இப்போது பந்தி முதல் பக்கத்துக்கே வந்து உட்கார்ந்தது.

படம் பிடித்த ரிஸ்மி சிரித்தான். "என்ட கெமரா படத்துக்குப் பேரா ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும்தான் நம்பர் போடும், தங்கச்சி. பொறகு திரும்ப ஒன்னுல தொடங்கும். அன்னைக்குத் தாலி கட்டின கையோட சுத்தி வந்திச்சு. அதான் பந்திக்குச் சின்ன நம்பர்."

பெயரையும் நம்பக்கூடாது, இடத்தையும் நம்பக்கூடாது. அப்படியானால் படத்தையே கேட்டால் என்ன? எடுத்த நேரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருந்தது. அதன்படி அடுக்கினாள்.

மூன்று மணிக்கு மணமகள் முறையாக வந்து, அமர்ந்து, தாலி ஏற்று, சாப்பிட்டுவிட்டுத்தான் அழுதாள். கடைசிப் பக்கத்தில் அவளுடைய அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனதும் பளீல் இரண்டு மெமரி கார்டுகளை மேசையில் வைத்தார். "அம்பிட்டியவுல நடந்த கலியாணம். ரெண்டு கெமரா. இதையும் ஒன்ட புரோகிராம்லயே போடு."

யசோதினி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானா, ரெண்டு கெமராவுலயும் மணி ஒன்னாத்தான் ஓடுதா?"

பளீல் ரிஸ்மியைப் பார்த்தார். ரிஸ்மி கூரையைப் பார்த்தான்.