அத்தர்காரியின் கொண்டை ஊசி

நான் பூட்டுக்காரன். நாற்பத்தாறு வருஷமாக அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து பிழைத்தவனுக்கு யார்மேலும் நம்பிக்கை வராது. கதைப் புத்தகத்தின்மேல் சுத்தமாக வராது.

என் வீட்டுக்காரி நேர்மாறு. ராஜா காலம், ஒரு பெண் உளவாளி, அவளைப் பிடிக்க வந்தவனே அவளிடம் மயங்கி நிற்பது. இந்தச் சரக்கு கையில் இருந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். அடுத்த கண் வியாழக்கிழமை. அதுவரை படிக்கக் கூடாது என்றார் டாக்டர். முதல் கண்ணுக்கே நடுங்கியவள், "பாதியில நிக்குற கதை முடியாம நான் அடுத்த கண்ணுக்கு வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். வேறு வழி? படித்தேன்.

கோட்டைக்குள் அத்தர் விற்கிறாள் ஒருத்தி. குப்பியின் அடியில் ரகசியச் சீட்டு. காவல் தளபதிக்குச் சந்தேகம். விசாரிக்கிற சாக்கில் தினமும் வந்து ஒரு குப்பி வாங்கிப் பூசிக்கொண்டு போகிறான்.

"நாப்பது குப்பியப் பூசிக்கிட்டு ஒளிஞ்சு நின்னு வேவு பாக்குறானாம். நாலு தெரு தள்ளியே தெரிஞ்சுடாதா?"

"தெரிஞ்சுதான் அவளும் அந்தப் பக்கமா போறா. படிங்க."

"இவன் ஏமாத்துக்காரன். கடைசியில காட்டிக் கொடுப்பான், பாத்துக்கோ."

"உங்களுக்கு உங்க நிழல்மேலயே சந்தேகம். படிங்கன்னா!"

சொன்னால் வெட்கம். மூன்றாம் நாள் கடையை அரை மணி முன்னதாகவே சாத்திவிட்டு ஓடி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அத்தர்காரி மாட்டிக்கொண்டாள். ராஜாவின் உத்தரவு. தளபதியே அவளைக் கோபுர அறையில் விட்டு, கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பினான். உள்ளே அவள் கொண்டை ஊசியை உருவினாள். அத்தியாயம் முடிந்தது.

"கொண்டை ஊசியில கோட்டைப் பூட்டு திறக்காது" என்றேன்.

"உங்க கைக்குத் திறக்காது. அவ கைக்குத் திறக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நல்ல கண்ணால் திருட்டுத்தனமாகப் படித்துவிடுவாளோ என்று புத்தகத்தை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அது நானே செய்த பூட்டு.

மறுநாள் மதியம் அவள் குளிக்கப் போனதும் அவளுடைய கொண்டை ஊசியை எடுத்து அந்தப் பூட்டிலேயே நுழைத்துப் பார்த்தேன். சரியாக மூன்றாவது திருப்பலில் ஊசி உள்ளேயே முறிந்தது. சாவி நுழையவில்லை. இடுக்கி, காந்தம், எதுவும் பலிக்கவில்லை. துளைபோடலாம் என்றால், திருடனை நினைத்து உள்ளே எஃகுத் தகடு வைத்த புத்திசாலியும் நான்தான். இரண்டு நாள் வேலை.

சாயங்காலம் அசடு வழிய உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு நான் வரல" என்றாள்.

"இரு, முடிவ நான் சொல்றேன். தளபதி வந்தான். பையில மாத்துச் சாவி இருந்துச்சு. அவள மொதமொதல்ல பாத்த அன்னிக்கே செஞ்சு வாங்கினது."

"எதுக்கு அன்னிக்கே?"

"என்னிக்காவது தன் கையாலயே அவளப் பூட்ட வேண்டி வரும்னு தெரியும். அதான்."

"சாவி செஞ்சு குடுத்த பூட்டுக்காரருக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"சந்தேகப்படாமயா குடுத்தாரு?"

"நெறையவே பட்டாரு. ஆனா அந்தப் பயல்மேல அடிச்ச அத்தர் வாசனையில வெவகாரம் புரிஞ்சுபோச்சு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காலைல சீக்கிரம் எழுப்புங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டாக்டர் சீட்டைக் கேட்டபோதுதான், அதுவும் அலமாரிக்குள் என்பது நினைவுக்கு வந்து எனக்கு வேர்த்தது. இவள் அலட்டிக்கொள்ளாமல் துணிப்பையைத் திறந்தாள். துண்டு, மாற்றுத் துணி, சொட்டு மருந்து, மேலே சீட்டு.

"எப்ப எடுத்த?"

"ஞாயித்துக்கிழமையே எடுத்து வெச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்குடி வரமாட்டேன்னு அந்த அடம்?"

துணிப்பையை என் கையில் திணித்துவிட்டு நர்ஸோடு உள்ளே போனாள். நடையில் ஒரு நடுக்கமும் இல்லை.

சனிக்கிழமை பூட்டை அறுத்து எடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்க, கடைசி அத்தியாயம் படித்தேன். தளபதி ஓடி வந்து தள்ளினான், கதவு திறந்துகொண்டது. அது பூட்டவே இல்லையாம்! முதல் சுற்று பூட்ட, அடுத்த சுற்று திறக்க. பூட்டுக்காரன் நான் அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். கொண்டை ஊசியை அத்தர்காரி உருவியது கொண்டையைத் திருத்தமாகப் போட்டுக்கொள்ளத்தான்.

'திறந்திருப்பது தெரிந்துமா உட்கார்ந்திருந்தாய்?' என்கிறான் தளபதி.

'நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்கத்தான்' என்கிறாள் அத்தர்காரி.

நான் தலையைத் தூக்கி என் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? புத்தகத்தப் பாத்துப் படிங்க" என்றாள்.

இப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் சாயங்காலமானால் புத்தகத்தை என் பக்கம்தான் தள்ளுகிறாள். புதுக் கதையில் உளவாளி அரண்மனைச் சமையல்காரி. வாசல் காவலன் தினமும் இரண்டு தடவை சாப்பிட வருகிறான். அவன்மேல் எனக்குச் சந்தேகம்தான்.