ஆடுகளை அவிழ்க்கப் போனவன்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் மரத்தோணி ஒன்றில் சிங்கராயர் சமையல்காரர். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையம். அந்தக் கார்த்திகையில் வெங்காயம், செங்கல்லோடு உயிர் ஆடுகளும் ஏற்றுவதாக இருந்தது. ஆடு பார்க்க ஆள் தேடியபோது அவருக்குத் தன் ஊர்ப்பக்கத்துப் பாவாடை என்பவனின் நினைவு வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஊரார் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்தவன். கடலையே பார்த்ததில்லை.

"இன்னாண்ணே இது, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு மேடு காணோம்!" என்று முதல் நாள் சிரித்தான். அப்புறம் வாந்தியெடுத்தான். அப்போதும் ஆடுகளுக்குத் தழை வைக்கத் தவறவில்லை.

மாலத்தீவை எட்டுமுன்பே புயல் பிடித்துக்கொண்டது. பாய்மரம் முறிந்து விழுந்தது. அடிப்பலகை மூட்டு விட்டுப்போய்த் தண்ணீர் புகுந்தது. எஞ்சின் நின்றது. செங்கல்லையும் வெங்காய மூட்டைகளையும் கடலில் வீசிப் பார்த்தார்கள். தோணி எழும்பவில்லை. எல்லோரையும் சின்னப் படகில் இறங்கச் சொன்னார் தோணித் தலைவர்.

பாவாடை ஒரு காலைப் படகில் வைத்துவிட்டான். அப்போது ஆடுகள் கத்தின.

"கட்டிப் போட்டுக் கெடக்குதுங்கண்ணே. அவுத்து வுட்டுட்டு வந்துர்றேன்."

"டேய், வாணாண்டா!" சிங்கராயர் அவன் கையைப் பிடித்தார். உதறிவிட்டுத் தோணியில் திரும்ப ஏறினான்.

ஆடுகள் ஒவ்வொன்றாய் அலையில் குதித்தன. தோணி ஒருக்களித்தது, அப்படியே கவிழ்ந்து மூழ்கியது. படகைச் சுற்றி ஆட்டுத் தலைகள் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தன.

மறுநாள் ஒரு கப்பல் மற்றவர்களைத் தூக்கிக்கொண்டது.

சிங்கராயர் கள்ளக்குறிச்சியில் இறங்கி, மலைப்பக்கம் போகும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். பாவாடையின் மனைவி செவ்வந்தி மரவள்ளிக் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும் தோணிக்காரர்கள் போனில் சொல்லியிருந்தார்கள். ஆட்டை விற்றுவிட்டு எங்கோ ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு. தோணியோடு அவன் மூழ்கியதைச் சிங்கராயர் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களாங்க?"

"பாத்தம்மா. என் கண்ணால பாத்தேன்."

"கடைசியா இன்னா சொன்னாரு?"

உன் பேரைச் சொன்னான் என்று சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ஒரு கருப்பாடு நவுராம நின்னுச்சும்மா. 'போ கய்த, போ'ன்னு அத்த வஞ்சிக்கினு இருந்தான்."

செவ்வந்தியின் உதடு சிரிப்பதுபோல் நெளிந்தது. "அவுருதாங்க. அவுருதான் அப்பிடி வைவாரு" என்றாள். பிறகுதான் மண்ணில் விழுந்து அலறினாள்.

அழுது ஓய்ந்ததும் அவரை ஊர் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனாள். "இவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். சொன்னார். ஓடிவிட்டான் என்று பேசியவர்கள் தலை நிமிரவில்லை.

உடல் இல்லாததால் பாவாடையின் வேட்டியைப் புதைத்தார்கள். மகள் அபிநயா மண் தள்ளினாள். சிங்கராயர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பிடி போட்டார்.

திரும்பி நடக்கும்போது செவ்வந்தி கேட்டாள்: "அந்த ஆடுங்க கரை சேந்துச்சாங்க?"

"இல்லம்மா. கரை ரொம்பத் தொலவு."

செவ்வந்தி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.