சஹனில் ஆறாவது இடம்

மடுல்சீமைக்கு மேலே இருக்கும் குளத்து பங்களாவுக்கு விடுமுறை கழிக்க எத்தனை பேர் வந்தாலும், மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதைவிட ஒருவர் கூடுதலாக இருப்பார். நால்வர் வந்தால் ஐவர், ஏழு பேர் வந்தால் எட்டுப் பேர். வந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. கூடுதலாக வந்தவர் அவர்களுக்குத் தம்பியாகவோ சின்னம்மாவாகவோ எப்போதும் இருந்தவர். சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டது வரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பங்களாவில் சமைக்கும் இராக்கம்மாவுக்கும், கேட்டில் காவல் நிற்கும் அவள் புருஷன் வீரய்யாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடிப்பவர்கள். பங்களாக் குழாயில் வருவது குளத்துத் தண்ணீர். அதுதான் காரணம் என்று வீரய்யா சொல்வார். வேறு காரணம் இருந்தாலும் நம்மிடம் வந்து சொல்ல ஆளில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தோட்டத்துக் கம்பெனி, துரைமார் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்குப் பெயின்ட் அடித்து, இரண்டு ஏசியைப் பொருத்தி, குளிரில் நடுங்கும் அந்த ஊரில் அந்த ஏசிகளை யாரும் போடாததைப் பற்றிக் கவலைப்படாமல், வாடகைக்கு விடத் தொடங்கியது. வந்த முதல் குடும்பத்திலேயே ஒரு தட்டு கூடியதை இராக்கம்மா கவனித்தாள். அதற்கு அடுத்த விஷயத்தை, அவர்கள் புறப்பட்ட நாளில் எல்லோரும் பார்த்தார்கள். கூடுதலான ஆளோடு பங்களாவை விட்டுப் போக முடியாது. குளத்தைச் சுற்றி இறங்கும் வளைவைத் தாண்டினால் வண்டி மறுபடியும் பங்களா வாசலிலேயே வந்து நிற்கும். வந்தது எத்தனை பேரோ அத்தனை பேர்தான் போகலாம். அவர்கள் யார் யார் என்பதில் குளத்துக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் யாரையாவது விட்டுவிட்டுப் போயிற்று. வளைவைத் தாண்டிய உடனே, விட்டுவந்த ஆளே அவர்களுக்கு மறந்துபோவார். பின்தங்கியவர் அன்று மாலை, குளிக்கப் போவதுபோலப் படிகளில் இறங்கித் தண்ணீருக்குள் போவார். அடுத்த குடும்பம் வரும்போது மூன்றாம் நாள் அந்த ஆள்தான், அந்தக் குடும்பத்துச் சாயலோடு, தலையைத் துவட்டிக்கொண்டு ஏறி வருவார். மொனராகலையிலிருந்து வந்த சீனி ஆலை உத்தியோகத்தர் ஒருவர் மாமியாரை விட்டுப் போனார். அந்த அம்மாள் அடுத்த மாதம் பண்டாரவளை வாத்தியார் ஒருவரின் பெரியம்மாவாகி, முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார். இப்படி நல்லதும் நடந்தது. ஆனால் இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூனில் வந்த ஒரு குடும்பம் விட்டுப்போனது ஒரு பிள்ளையை. அன்று இராக்கம்மா சோறு சாப்பிடவில்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் லீவுக்குத்தான் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஷுக்ரி முதலாளி வந்தார். மனைவி காமிலா, மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேர். ஆகஸ்டில் அங்கே காற்று ஓயாது. குளம் வற்றிக் கரையில் ஒரு பழுப்புக் கோடு தெரியும். ஷுக்ரி வேனிலிருந்து முதலில் இறக்கியது அவருடைய சஹனை. கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு அது. லீவு முடியும்வரை மூன்று வேளையும் அதில்தான் சாப்பாடு என்று அவர் வரும்போதே சொல்லியிருந்தார். கடையில் தனியாக நின்றபடி சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போன மனுஷன், ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் ஐந்து பேர் உட்கார்ந்தால் சஹனில் ஓர் இடம் காலியாகத் தெரியும். விருந்து வீடுகளில் அப்படி விட மாட்டார்கள். வாசலில் நின்று யாரையாவது கூப்பிட்டு நிரப்புவார்கள். வந்த அன்று பகலே ஷுக்ரி விராந்தையில் நின்று குளத்தைப் பார்த்து, பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக, கல்யாண வீட்டுக் குரலில் கூப்பிட்டார்.

"சஹனுக்கு ஒரு ஆள் கொறயுது. வாங்க, வாங்க."

மற்றவர்களுக்கு மூன்று நாள் எடுத்தது. கூப்பிட்டவருக்கு அன்றே ஆள் வந்தது. சோற்றின் மேல் இறைச்சியைப் பரப்பிவிட்டுக் காமிலா நிமிர்ந்தபோது சஹன் நிறைந்திருந்தது. றஷீதா, றுஷ்தி, ஸப்வான், ஸிஹாமா என்று தன் நான்கு பிள்ளைகளையும் பெயர் சொல்லி, மெதுவாகச் சாப்பிடச் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இராக்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

ஐந்து நாள் அவர்கள் சந்தோஷமாகவே இருந்தார்கள். ஆறாம் நாள் காலை வேன் நான்கு முறை வளைவைத் தாண்டி நான்கு முறையும் பங்களா வாசலில் வந்து நின்றது. நான்காவது முறை காமிலா இறங்கிச் சமையலறைக்கு வந்தாள். இராக்கம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. காமிலா நம்பவில்லை என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிள்ளைகளுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்தது மூன்று துவாய். பல் துலக்கும் பிரஷும் மூன்று. ஆனால் நான்கு பேரையும் பெற்ற வலி அவளுக்குத் தனித்தனியாக ஞாபகம் இருந்தது. நான்கு பேருக்கும் எந்த மாதத்தில் பால் மறக்கடித்தாள் என்பதும் ஞாபகம் இருந்தது. இராக்கம்மாவுக்குத் தெரியும், அவள் மூன்று பிள்ளைகள் இறங்கியதைப் பார்த்தவள். சொல்லவும் வாயெடுத்தாள். காமிலா தன் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாம் அக்கா, சொல்லாதீங்க. எது எண்டு எனக்குத் தெரிய வேணாம்."

ஷுக்ரி தான் இருப்பதாகச் சொன்னார், சொல்லும்போதே அழுதார். கடையை யார் பார்ப்பது, பிள்ளைகளை யார் படிக்க வைப்பது என்று காமிலா கேட்டாள். அவள் பிள்ளைகள் நால்வரையும் முத்தமிட்டு வேனில் ஏற்றினாள். பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். வேன் வளைவைத் தாண்டியது, திரும்பவில்லை. அந்த வேனில் இருந்தவர்களுக்குத் தாய் என்று ஒருத்தி அப்போதிலிருந்து இல்லை. காமிலா அதைத் தெரிந்துகொண்டுதான் படியில் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு மனுஷியை இராக்கம்மா அதுவரை பார்த்ததில்லை, நாங்களும் கேள்விப்பட்டதில்லை. பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காமிலா தண்ணீருக்கு இறங்கும்போது இராக்கம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுத்த ஆகஸ்டுக்கும் அவங்க வருவாங்க, அவருக்கு இந்த எடம் புடிச்சிருக்கு. அதுவரைக்கும் வேற யாரயும் மூணு நாள் தங்க விடாதீங்க அக்கா. நான் வேற ஆக்களோட போயிருவேன்."

"நீங்க போங்க நோனா. நான் பாத்துக்கிறேன்," என்றாள் இராக்கம்மா.

சொன்னபடி பார்த்துக்கொண்டாள். பங்களாவுக்குப் போன் எடுத்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் பம்பு பழுது என்றாள். சிலருக்கு அட்டைக்கடி என்றாள், சிலருக்குச் சிறுத்தை என்றாள். டிசம்பரில் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் எதையும் கேட்காமல் வந்து இறங்கியது. முதல் நாள் வீரய்யா செத்த எலியொன்றைக் கொண்டுபோய்க் கூரைக்குள் வைத்தார். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். இரண்டாம் நாள் இராக்கம்மா குழாயை உடைத்தாள், அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வருமானம் ஏன் விழுந்தது என்று கம்பெனி கேட்டது. பம்பு பழுது என்று கம்பெனிக்கும் சொன்னாள்.

பதுளையில் அந்த வருடம் எப்படிப் போனது என்பதைப் பிறகுதான் விசாரித்தோம். அலுமாரி நிறைய இருந்த அபாயா அங்கிகளைக் கடையில் விற்காத சரக்கு என்று எண்ணி ஷுக்ரி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். குடும்பப் படத்தில் சோபாவின் நடுவில் யாரும் இல்லை. ஏன் எல்லோரும் ஓரத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்து வயது றஷீதா சமைத்தாள். ஓ.எல். பரீட்சை இருந்த வருடம். விடியற்காலையில் அடுப்பு, பிறகு பள்ளிக்கூடம், பிறகு டியூசன், பிறகு மறுபடி அடுப்பு. அவள் கைகள் இரண்டிலும் சட்டி சுட்ட தழும்புகள் வரிசையாக விழுந்தன.

அடுத்த ஆகஸ்டில் சஹனோடு வந்தார்கள், ஐந்து பேர். ஷுக்ரி பழையபடி விராந்தையில் நின்று கூப்பிட்டார். காமிலா ஈரத் தலையோடு படியேறி வந்து, ஸிஹாமாவுக்கும் ஸப்வானுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். யாருக்கும் வியப்பில்லை, உம்மா குளிக்கப் போயிருந்தார். காமிலாவுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது. பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் அன்று இரவுக் கறிக்கு உப்புப் போட மறந்தாள், யாரும் குறை சொல்லவில்லை.

றஷீதாதான் கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் அவள் சமையலறையில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் எப்போதும் உம்மாதான் சமைப்பார், அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் இந்தத் தழும்புகள் எப்படி வந்தன என்று இராக்கம்மாவிடம் கேட்டாள். இராக்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை விடவில்லை, பாதி கேட்டாள், மீதியைத் தானே சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்ப நாலு பேருல அது யாரு? நானா?"

இராக்கம்மா வாயெடுப்பதற்குள், றஷீதா போன வருடம் காமிலா நின்ற அதே இடத்தில் நின்று, அதே மாதிரிக் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாம், சொல்லாதீங்க."

புறப்படும் நாளில் காமிலா படியில் உட்கார்ந்து, பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். ஸிஹாமா அழுதாள். றஷீதா வேனிலிருந்து எட்டிப் பார்த்து, வளைவு வரைக்கும் ஏறி வந்து தங்கச்சியை மடியில் வைத்திருக்கும்படி உம்மாவைக் கூப்பிட்டாள். எப்படியும் ஆறு பேரோடு வேன் வாசலுக்குத்தான் திரும்பி வரும், அப்போது இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக் காமிலா ஏறினாள். மகளின் தலையை ஒருமுறை தடவினாள். றஷீதா சஹனை மறந்துவிட்டதாகச் சொல்லி மற்றப் பக்கத்தால் இறங்கிச் சமையலறைக்கு ஓடினாள். தான் பின்னால் பஸ்ஸில் வருவதாகவும் வாப்பாவைப் போகும்படியும் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். உள்ளே இப்போது ஐந்து பேர்தான் என்பது காமிலாவுக்கு உறைப்பதற்குள் வேன் வளைவைத் தாண்டியது. இராக்கம்மா வாசலில் காத்து நின்றாள். அது திரும்பவில்லை.

றஷீதா சஹனைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். பயமாக இருக்கிறது என்று இராக்கம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். இராக்கம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், விடத் தெரியாமல் அழுதாள். ஆனால் மாலையானதும் விட வேண்டியிருந்தது. காற்று அன்று முழுக்க அடித்தும் பிள்ளை இறங்கிய இடத்தில் தண்ணீர் அசையவில்லை.

காமிலா பதுளைக்குத் திரும்பியபோது சமையலறையில் சாமான்கள் எல்லாம் இடம் மாறி, தன் தோளுக்குக் கீழே கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதைக் கண்டாள். எலி வேலை என்று எண்ணி ஒழுங்குபடுத்தினாள். செப்டம்பர் கடைசியில் பரீட்சைப் பெறுபேறு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ ஒரு பிள்ளையின் தாளை அவர்கள் விலாசத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது பாடத்திலும் ஏ. விலாசம் பிழை என்று எழுதி ஷுக்ரி அதைத் திருப்பி அனுப்பினார். அனுப்புமுன் காமிலா அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பெத்த புள்ளயோ. உம்மாக்காரி எவ்வளவு சந்தோஷப்படுவா," என்றாள்.

இராக்கம்மா மறுபடியும் பம்பு பழுது என்று சொல்லத் தொடங்கினாள். ஏப்ரலில் வந்த இரண்டு குடும்பங்களை இரண்டாம் நாளே அனுப்பினாள். வீரய்யாவுக்கு எலி பிடித்து அலுத்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து பதிவெல்லாம் கொழும்பிலேயே நடக்கும், இராக்கம்மா போனைத் தொட வேண்டியதில்லை என்று கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது. ஆகவே இந்த ஆகஸ்டை விட்டால் வேறு ஆகஸ்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஜூலை முழுக்க அவள் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள். கடைசி வாரத்தில் காமிலா பதுளையிலிருந்து போன் எடுத்தாள். இந்த முறை பிள்ளைகள் மூவரும் நுவரெலியா போகலாம் என்கிறார்கள், அதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றாள்.

இராக்கம்மா திரும்பி மேசையில் இருந்த சஹனைப் பார்த்தாள்.

"நோனா, ஒங்க சஹன் இங்கதான் இருக்கு," என்றாள் பிறகு. "போன வருஷம் விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் வெளக்கி வெச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போங்க."

மறுமுனையில் காமிலா அந்தச் சஹனைத்தான் வீடு முழுக்கத் தேடியதாகச் சொன்னாள். சஹனைத் தேடினாளா வேறு எதையாவது தேடினாளா என்று சில நாள் தனக்கே விளங்குவதில்லை என்றும் சொன்னாள்.

"அப்ப இங்கயே வாறம். எழுதிக்கோங்க அக்கா. நாங்க ரெண்டு பேரு, புள்ளைகள் மூணு. அஞ்சு பேர்."

"எழுதிக்கிட்டேன், அஞ்சு பேர்," என்றாள் இராக்கம்மா. போனை வைத்துவிட்டு, ஆறு தலையணைகளை எடுத்துக்கொண்டுபோய் வெயிலில் போட்டாள்.