இரண்டாவது சாட்சி

இன்றைக்கு ஒரு தடவையாவது இவர் என்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும்.

மணல்மேட்டின் பின்னால் மண்டியிட்டு அவள் ஒரு மஞ்சள் வாலாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு வடக்கே திரும்புகிற பறவை. குட்டையில் ஒரு வாய் குடிக்கும், வாலை ஆட்டும், இன்னொரு வாய் குடிக்கும். அதிசயம் ஒன்றுமில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

“ஏய், இங்க வா, சீக்கிரம்.”

சேற்றுத்திட்டின் ஓரத்திலிருந்து கணவர் கையை வீசினார். அவள் போய்ச் சேர்வதற்குள் சேற்றில் இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான் பறவைக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிக் கடல்மேல் திரும்பிவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை வயிறுகள்தான்.

“பார்த்தியா? கரண்டிமூக்கு உள்ளான். மூக்கு நுனி அச்சு அசல் கரண்டி. வாழ்நாள்ல ஒரு தடவை பார்த்தா பெரிசு.” பைனாகுலரை அவர் இன்னும் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

சத்தம் கேட்டு, கூடவே பறவை பார்க்க வந்திருந்த குழுவினர் வந்து சேர்ந்தார்கள். குழுவுக்குத் தலைவர் பல் டாக்டர். அபூர்வப் பறவை என்றால் இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராது என்பது அவர் வைத்த சட்டம். போன வருடம் கணவர் பிளாஸ்டிக் பையைக் காட்டிக் கொக்கு என்று சொன்னதிலிருந்து அதில் இன்னும் கறாராகிவிட்டார்.

“கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க. முதல்ல உங்க கண்ணாடியைத் துடைச்சீங்களா?” என்றார் டாக்டர். இரண்டு பேர் சிரித்தார்கள். “நுனியில சேறு அப்பியிருந்தாலும் கரண்டி மாதிரிதான் சார் தெரியும்.”

“சேறு இல்ல. இவளைக் கேளுங்க.”

இவளைக் கேளுங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் கணவர் சொல்கிற கதைகள் இப்படித்தான் முடியும். அவளும் தலையாட்டுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறிய கதைக்குக்கூட ஆட்டியிருக்கிறாள். ஆட்டி ஆட்டி, அந்தத் தண்ணீரின் குளிர் அவளுக்கே ஞாபகம் இருப்பதுபோல ஆகிவிட்டது. அந்த வயதில் தான் எங்கே இருந்தோம், என்ன பார்த்தோம் என்று யோசித்தால்தான் சட்டென்று ஒன்றும் வருவதில்லை.

“நீங்களும் பார்த்தீங்களாம்மா?” டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

கணவர் உண்மையாகவே பார்த்திருக்கலாம். ஆமாம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இல்லை என்றால் கார் வீடு போய்ச் சேரும்வரை பேச்சிருக்காது. குழுவில் இனி இவர் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். பழக்கத்தில் தலை அசையத் தொடங்கியிருந்தது. அவள் அதை நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லேன்,” என்றார் கணவர். அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள்.

“நீங்க பார்த்தீங்கன்னு நம்புறேன்,” என்றாள். “ஆனா நான் பார்க்கலைங்க.”